குரூஸ் முடியும் காலை: கப்பலை விட்டு எத்தனை மணிக்கு இறங்கலாம்?

கரீபியன் பக்கம் போய்விட்டு ஃபுளோரிடா திரும்பும் குரூஸ் கப்பல், பயணிகள் கண் விழிக்கும்போதே பெரும்பாலும் துறைமுகத்தில் கட்டப்பட்டிருக்கும். பால்கனியில் நின்றால் மயாமியோ ஃபோர்ட் லாடர்டேலோ போர்ட் கனாவரலோ கண்ணெதிரே தெரியும். ஆனால் கரை தெரிவது வேறு, கரையில் கால் வைப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஆகலாம், மூன்றரை மணி நேரமும் ஆகலாம். அது எவ்வளவு என்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பெட்டி கட்டும் விதமே அதைப் பொறுத்து மாறும் என்பதால், முடிவைக் கடைசிக்கு முந்தைய நாளே எடுத்துவிட வேண்டும்.

பந்திக்கு முந்தும் வேகத்தோடு எல்லோரும் முதலில் இறங்கப் பார்க்கிறார்கள். அதற்கு அவசியமுள்ளவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள்.

அந்தக் காலை எப்படி நடக்கிறது

கப்பல் 5 மணியிலிருந்து 6.30-க்குள் வந்து சேரும். உடனே யாரையும் இறக்க மாட்டார்கள். முந்தைய இரவு அறை வாசல்களில் வைத்த பெட்டிகளைக் கூண்டு கூண்டாக ஃபோர்க்லிஃப்டில் இறக்கி, டெர்மினலுக்குள் வரிசைப்படுத்த வேண்டும். அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்பு அதிகாரிகள் கப்பலுக்கு அனுமதி தர வேண்டும். அதன் பிறகே, பெரும்பாலும் 7 மணியிலிருந்து 7.30-க்குள், கேங்வே எனப்படும் இறங்கு பாலம் திறக்கும்.

கடைசிப் பயணி 9.30, மிஞ்சிப்போனால் 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். அன்றைக்கே அடுத்த பயணத்துக்கான கூட்டம் 11 மணி சுமாருக்கு ஏறத் தொடங்கும், மாலை 4 மணியை ஒட்டிக் கப்பல் மறுபடி கிளம்பும். பழைய பயணிகளின் கணக்குப் பூஜ்யமாகாமல் புதியவர்களை ஏற்ற முடியாது. ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் அறைக்கு இருவர் என்று வைத்தாலே 5,610 பேர். அவ்வளவு பேரும் ஓரிரு பாலங்கள் வழியே சுமார் இரண்டரை மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்றால் நெரிசல் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டரை மணி நேரம் ஒரே சீராக ஓடுவதில்லை. 7-லிருந்து 8 வரை சொந்தப் பெட்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இறங்குகிறார்கள். 8-லிருந்து 9.15 வரை, பெட்டியில் மாட்டிய டேக்கின் எண்ணின்படி அழைக்கப்படும் பெருங்கூட்டம். அதற்குப் பிறகு மீதி. மூன்றிலும் மோசமானது நடுவில் உள்ளதுதான். லிஃப்ட், பாலம், பெட்டி எடுக்கும் கூடம், பாஸ்போர்ட் வரிசை, டாக்ஸி வரிசை என்று ஐந்து இடங்களிலும் ஒரே நேரத்தில் கூட்டம். விமானம் பிடிக்கும் அவசரம் இருந்தால் முதல் அலையில் போங்கள். இல்லையென்றால் 9 மணிக்குப் பிறகு நிதானமாக இறங்குங்கள். நடு அலையில் இறங்க வேண்டியவர்கள், பெட்டி தூக்க முடியாத, ஆனால் மதிய விமானம் இருக்கிறவர்கள் மட்டுமே.

விமான நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கு

முதலில் தூரம். ஃபோர்ட் லாடர்டேலில் துறைமுகமும் விமான நிலையமும் ஏறக்குறைய அடுத்தடுத்து இருக்கின்றன. காரில் 10 முதல் 15 நிமிடம். மயாமி துறைமுகத்திலிருந்து மயாமி விமான நிலையம் சுமார் 13 கிலோமீட்டர், அரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். மயாமியில் இறங்கி ஃபோர்ட் லாடர்டேலில் விமானம் ஏறுவதாக இருந்தால் 45 நிமிடமாவது ஆகும், சாலை அடைத்துக்கொண்டால் அதற்கும் மேல். போர்ட் கனாவரலிலிருந்து ஆர்லாண்டோ விமான நிலையம் 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒரு மணி நேரம். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். "ஆர்லாண்டோ குரூஸ்" என்று பேச்சுவழக்கில் சொல்வதைக் கேட்டு, துறைமுகமும் ஆர்லாண்டோவிலேயே இருப்பதாக நினைத்து டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.

இப்போது கணக்கு. உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி ஒப்படைக்கும் கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 45 நிமிடம் முன்னால் மூடிவிடும், வெளிநாட்டு விமானத்துக்கு 60 நிமிடம். கப்பல்கள் வந்து நிற்கும் நாள்களில் ஆர்லாண்டோ, ஃபோர்ட் லாடர்டேல் இரண்டிலும் பாதுகாப்புச் சோதனை வரிசை நீளமாக இருக்கும். எனவே விமான நிலையத்தை இரண்டு மணி நேரம் முன்பே அடையுங்கள். பாலத்தில் கால் வைத்ததிலிருந்து வண்டியில் உட்காரும் வரை முதல் அலையில் 20 முதல் 30 நிமிடம் ஆகும், நடு அலையில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்.

போர்ட் கனாவரலில் இறங்குகிறீர்கள், ஆர்லாண்டோவில் 12.30-க்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். 10.30-க்கு நிலையத்தில் இருக்க வேண்டும், அதற்கு 9.30-க்கு வண்டியில் ஏற வேண்டும். அப்படியானால் டேக் வழியில் 8.30-க்குள், பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு போவதென்றால் 9-க்குள் பாலத்தைத் தாண்ட வேண்டும். சின்ன எண்ணுள்ள, அதாவது முதலில் அழைக்கப்படும் டேக் கிடைத்தால் போதும். அதுவே 11 மணி விமானம் என்றால் 7.30-க்குப் பாலத்தில் நின்றாக வேண்டும். பாலம் திறப்பதே 7.20 என்றால் கணக்கு அங்கேயே தள்ளாடுகிறது. ஃபோர்ட் லாடர்டேலில் அதே 11 மணி விமானத்துக்கு 8.10-க்கு இறங்கினாலும் சமாளித்துவிடலாம்.

எங்கள் மதிப்பீடு: ஃபோர்ட் லாடர்டேலில் 11 மணிக்கு முன்னும், மயாமியில் 11.30-க்கு முன்னும், கனாவரலிலிருந்து ஆர்லாண்டோ போக 12.30-க்கு முன்னும் விமானம் எடுக்காதீர்கள். ஊருக்குத் திரும்பும் நீண்ட பயணத்தின் முதல் கட்டம் அது என்றால், மாலை விமானமே சரி. ஒரு இணைப்பு தவறினால் பின்னாலுள்ள அத்தனையும் சரியும்.

செல்ஃப் அசிஸ்டா, டேக்கா

இரண்டே வழிகள். ஒன்று, எல்லாப் பெட்டிகளையும் நீங்களே இழுத்துக்கொண்டு இறங்குவது. கார்னிவல், ராயல் கரீபியன் குரூஸ் நிறுவனங்கள் இதைச் செல்ஃப் அசிஸ்ட் என்பார்கள், நார்விஜியன் நிறுவனத்தில் ஈஸி வாக் ஆஃப். இன்னொன்று, வண்ணமும் எண்ணும் போட்ட லக்கேஜ் டேக்கை மாட்டிப் பெட்டியை இரவே வாசலில் வைத்துவிட்டு, மறுநாள் டெர்மினலில் அந்த எண்ணுக்குரிய இடத்தில் எடுத்துக்கொள்வது.

செல்ஃப் அசிஸ்ட் எடுப்பதற்கு முன் ஒரே கேள்வி: உங்கள் குடும்பத்தில் இருப்பவர்களால் மொத்தப் பெட்டிகளையும் ஒரே நடையில், யார் உதவியும் இல்லாமல், சரிவுப் பாலத்திலும் நகரும் படிக்கட்டிலும் கொண்டுபோக முடியுமா? இருவர், ஆளுக்கொரு பெட்டி, முதுகில் ஒரு பை என்றால் தாராளமாக முடியும். பெரிய சூட்கேஸ் நான்கு, தள்ளுவண்டியில் குழந்தை, முழங்கால் வலியோடு அம்மா என்றால் வேண்டாம். அரை மணி நேரம் மிச்சம் பிடிக்கப் போய் லிஃப்ட் வாசலில் முக்கால் மணி நேரம் நிற்க நேரும்.

நடக்கச் சிரமப்படும் பெற்றோர் கூட வந்திருந்தால் சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். கடைசி நாள் காலை கேட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் முன்பே கெஸ்ட் சர்வீசஸ் எனப்படும் கப்பலின் வரவேற்பு மேசையில் பெயர் கொடுத்தால், எத்தனை மணிக்கு எந்தக் கூடத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். அந்த நேரம் உங்கள் விமானத்துக்குப் பொருந்துகிறதா என்பதை அங்கேயே நின்று சரிபார்த்துவிடுங்கள்.

டேக்குகள் கடைசி ஓரிரு நாளில் அறைக்கு வரும், அல்லது கெஸ்ட் சர்வீசஸ் பக்கத்தில் வைத்திருப்பார்கள். சில நிறுவனங்களில் செயலியிலேயே நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வந்த எண் விமானத்துக்குப் பொருந்தாவிட்டால் மாற்றிக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். சின்ன எண்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் கடைசி மாலை வரை தள்ளிப்போடாதீர்கள்.

முந்தைய நாள் இரவு

டேக் மாட்டிய பெட்டியை இரவு 10 அல்லது 11 மணிக்குள் வாசலில் வைக்க வேண்டும். சரியான நேரம் அறைக்கு வரும் தாளில் இருக்கும். பெட்டி ஒருமுறை போய்விட்டால் மறுநாள் டெர்மினலில்தான் கண்ணில் படும். ஆகவே முதலில் கைப்பையைக் கட்டிவிட்டுப் பிறகு பெரிய பெட்டியைக் கட்டுங்கள். இந்த வரிசை மாறினால்தான் கூத்து. காலையில் போட்டுக்கொள்ள உடுப்பும் செருப்பும் இல்லாமல், இரவு உடையோடும் கப்பல் கொடுத்த பஞ்சுச் செருப்போடும் கரை இறங்குகிறவர்கள் உண்டு.

கைப்பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், அன்றைக்கும் மறுநாளைக்கும் உரிய மாத்திரைகள், கண்ணாடி, நகை, மடிக்கணினி, சார்ஜர், வீட்டுச் சாவி, கார் சாவி, ஒரு செட் உடுப்பு, பல் துலக்கும் சாமான். எஃப்-1 விசா மாணவர் என்றால் பயணக் கையெழுத்துள்ள ஐ-20 படிவம், எச்-1பி வேலை விசா என்றால் ஐ-797 ஒப்புதல் கடிதம், பார்க்க வந்த பெற்றோர் என்றால் பி1/பி2 விசா உள்ள பாஸ்போர்ட். இவற்றில் எதுவும் வாசலில் வைக்கும் பெட்டிக்குள் போகக் கூடாது. இடையே ஒன்று: விசா முத்திரை காலாவதியான எச்-1பி காரர்கள், கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் 30 நாளுக்குள் போய்த் திரும்பும் சலுகை குரூஸுக்கும் செல்லும் என்று நம்பிவிடுகிறார்கள். கப்பல் பஹாமாஸைத் தொட்டால் அது பொருந்தாது. டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டிய விஷயம் இது.

அடுத்தது பாட்டில்கள். கப்பல் கடையில் வாங்கிய மதுவைப் பெரும்பாலும் கடைசி நாள்தான் கையில் தருவார்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தை விமானக் கைப்பையில் விட மாட்டார்கள் என்பதால் அது ஒப்படைக்கும் பெட்டிக்குத்தான் போக வேண்டும். கைப்பை மட்டுமே வைத்துப் பறப்பவர்கள் பாட்டில் வாங்காமலிருப்பது நல்லது. 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளவை, பிரிக்காத கடைப் பாட்டிலாக, ஆளுக்கு 5 லிட்டர் வரை விமானத்தில் அனுமதி. கரீபியன் தீவுகளில் ஆசையாக வாங்கும் 151 புரூஃப் ரம் 75.5 சதவீதம். அதை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது.

பழைய விமான டேக்குகளைக் கிழித்துவிட்டு, புது டேக் தெரியும்படி பெட்டியைப் படம் எடுத்து வையுங்கள். கூண்டில் உரசி டேக் அறுந்துபோவது சாதாரணமாக நடக்கும். அப்போது எண் நினைவிலில்லாமல் ஆயிரம் கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே தேட வேண்டும். கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டால் பாதிச் சிரமம் தீரும்.

பில்லைச் செயலியிலோ தொலைக்காட்சியிலோ இரவு 9 மணிக்குள் ஒருமுறை பாருங்கள். குடிக்காத காக்டெயில், இரண்டு முறை ஏறிய புகைப்படக் கட்டணம் போன்றவை அப்போதே தெரியும். காலையில் கெஸ்ட் சர்வீசஸ் வரிசை தாழ்வாரம் வரை நிற்கும். கப்பலுக்குள் செலவழிக்கத் தந்த ஆன்போர்டு கிரெடிட் மிச்சமிருந்தால் அதுவும் அன்றிரவே செலவாக வேண்டும், பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள். கடையும் சூதாட்டக் கூடமும் துறைமுகத்தில் திறக்காது.

கடைசியாகக் கடிகாரம். கோசுமெல் போன்ற மெக்சிகோத் துறைமுகங்களுக்குப் போன கப்பல்களில் இது முக்கியம். கோசுமெலில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம், கோடையில் ஃபுளோரிடாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். கப்பல் நேரத்தை மாற்றியிருந்தால் திரும்பும் வழியில் ஓர் இரவு முன்னோக்கி நகர்த்துவார்கள். தானாக மாறும் என்று நம்பி விமானப் பயன்முறையில் கிடக்கும் கைபேசியில் அலாரம் வைத்தால் ஒரு மணி நேரம் தாமதமாக எழுவீர்கள். கப்பலின் அன்றைய நிகழ்ச்சித் தாளில் உள்ள நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

காலையில்

பஃபே வழக்கமாக 6 மணியை ஒட்டித் திறக்கும். 6.30-க்குள் சாப்பிட்டால் மேசை கிடைக்கும், 7.30-க்குத் தட்டை ஏந்திக்கொண்டு சுற்ற வேண்டும். அறையை 8 அல்லது 8.30-க்குள் காலி செய்யச் சொல்வார்கள். கிளம்பும் முன் பாதுகாப்புப் பெட்டகம், குளியலறைக் கதவின் பின்பக்கக் கொக்கி, கட்டிலுக்கு அடி, சின்னக் குளிர்பெட்டி, பிளக் பாயின்ட் ஐந்தையும் பாருங்கள். பெட்டகத்தில் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு இறங்குவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அறை அட்டையை ஸ்கேன் செய்து வெளியே போனவரை மறுபடி உள்ளே விட மாட்டார்கள். ஊழியர் எடுத்து வரும் வரை டெர்மினலில் நிற்க வேண்டியதுதான்.

டேக் எண்ணை அழைக்கும் வரை அரங்கிலோ மேல்தளத்திலோ உட்காருங்கள். லிஃப்ட் முன்னால் போய்க் குவிவதால் யாருக்கும் லாபமில்லை. லிஃப்ட் நிறைந்தே வந்தால், மேலே போவதில் ஏறிவிடுங்கள். உச்சித் தளம் வரை போய் அதுவே கீழே வரும். இன்னொரு வழி, பாலத்துக்குத் தள்ளி இருக்கும் லிஃப்டில் இறங்கி, அந்தத் தளத்திலேயே நீளவாக்கில் நடந்து வருவது.

டெர்மினலுக்குள்

உங்கள் எண் எழுதிய பகுதியில் பெட்டி இல்லையென்றால் பதறாமல் பக்கத்து எண்களிலும், டேக் அறுந்த பெட்டிகளைச் சேர்த்து வைக்கும் ஓரத்திலும் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் குரூஸ் நிறுவன மேசையில் எழுதிக் கொடுத்துவிட்டே வெளியேறுங்கள். கதவைத் தாண்டிய பிறகு சொன்னால் எல்லாம் தொலைபேசியில்தான். பெட்டிகள் அதிகமென்றால் சீருடைப் போர்ட்டரைப் பிடியுங்கள். பெட்டிக்கு 2, 3 டாலர் கொடுப்பது வழக்கம். பல முனையங்களில் போர்ட்டரோடு போகிறவர்களுக்குத் தனி வரிசை உண்டு என்பதால் கொடுத்த காசு வீணாகாது.

ஃபுளோரிடாத் துறைமுகங்களில் இப்போது பெரும்பாலும் கேமரா முன் முகம் காட்டினாலே அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்களை அதிகாரியிடம் அனுப்புவது உண்டு, அதற்கு 15 நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பஃபேயிலிருந்து எடுத்த ஆப்பிள், வாழைப்பழம், இறைச்சி வைத்த சாண்ட்விச் எதையும் கொண்டுவராதீர்கள். மோப்ப நாய் நிற்கும், அபராதமும் உண்டு. அமெரிக்காவில் வசிப்பவருக்கு வழக்கமான சலுகை 800 டாலர் வரையிலான பொருள், அதில் ஒரு லிட்டர் மது. கூடுதலாக இருந்தால் சொல்லிவிடுங்கள். வரி சிறு தொகைதான், மறைத்தால்தான் சிக்கல்.

ஊபரை வெளிக்கதவில் நின்றுகொண்டு கூப்பிடுங்கள். பெட்டி தேடும்போதே கூப்பிட்டால் காத்திருப்புக் கட்டணம் ஏறும், ரத்தும் ஆகும். 8.30-லிருந்து 9.30 வரை கட்டணமும் அதிகம். நிறுவனப் பேருந்தில் இடம் வாங்கியிருந்தால் அது நிறைந்த பிறகே கிளம்பும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாமதமாகும் நாள்கள்

குளிர்காலத்தில் டாம்பாவிலும் டெக்சஸின் கால்வெஸ்டனிலும் மூடுபனி கால்வாயை மூடிவிடும். கப்பல் மணிக்கணக்கில் வெளியே நிற்க நேரும். இந்த இரண்டு துறைமுகங்களுக்கும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை காலை விமானமே வேண்டாம். மருத்துவ அவசரம், அனுமதி தாமதம் ஆகியவை எந்தத் துறைமுகத்திலும் வரலாம். அறிவிப்பு வந்த உடனே விமான நிறுவனச் செயலியைத் திறந்து அடுத்த விமானத்துக்கு மாற்றப் பாருங்கள். பாலம் திறந்த பிறகு ஆயிரம் பேர் அதையே தேடுவார்கள்.

மாலை விமானம் உள்ளவர்கள்

9 மணிக்கு மேல் இறங்குங்கள், எல்லா வரிசையும் கரைந்திருக்கும். ஆனால் நேரே விமான நிலையம் போனால் இன்னொரு இக்கட்டு: பல விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 4 மணி நேரத்துக்கு முன்னால் பெட்டி வாங்குவதில்லை. 6 மணி விமானத்துக்கு 10 மணிக்கே போனால், 2 மணி வரை பெட்டிகளோடு வெளிக்கூடத்தில் உட்கார வேண்டும். விடுதி அறையும் வழக்கமாக 3 மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டிகளைப் பேருந்தின் அடியிலேயே வைத்துக்கொண்டு, எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் ஏர்போட் எனப்படும் விசிறிப் படகில் சவாரி காட்டிவிட்டு, நேரே விமான நிலையத்தில் விடும் சுற்றுலாக்களை மயாமியிலும் ஃபோர்ட் லாடர்டேலிலும் குரூஸ் நிறுவனங்களே விற்கின்றன. கப்பலிலேயே பதிவு செய்யலாம். அது முடியும் நேரத்துக்கும் விமானத்துக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.